விலைக்கு வாங்கும் தழும்புகள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளை பிரித்ததும் கண் முதலில் போவது மேல்பூச்சின் மீது. வழவழவென்று உருகிப் படிந்திருக்க வேண்டிய அந்தக் கண்ணாடிப் பூச்சில் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள் ஓடியிருந்தால் சரக்கு கழிவுக்குப் போகும். மின்கம்பத்து இன்சுலேட்டரில் அந்தக் கோடு இருந்தால் வலு குறையும். குழம்புக் கிண்ணத்தில் இருந்தால் மஞ்சள் கறை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். காரணம் எளியது. சூளையை விட்டு ஆறும்போது மண்ணும் பூச்சும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பூச்சு கூடுதலாகச் சுருங்கப் பார்க்கிறது, அடியில் இருக்கும் மண் இடம் கொடுப்பதில்லை, இழுபறியில் பூச்சு பிளக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது கிடைத்த வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி விருத்தாசலத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவரிடம் கேட்டால், அந்தக் கோடு வராமல் பார்த்துக்கொள்வதுதான் தொழிலே என்பார்.

அதே கோடு கலிபோர்னியாவில் செய்த எலெக்ட்ரிக் கிதாரின் உடம்பில் விழுந்தால் விலை ஏறுகிறது. தானாக விழும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக, செய்யும்போதே விழவைத்துக் கொடுக்கிறார்கள். வண்ணம் உதிர்ந்து மரம் தெரியும் விளிம்பு, துருவேறிய திருகு, சிகரெட் சுட்ட கறுப்புத் தடம், பெல்ட் கொக்கி உரசிய முதுகு எல்லாம் புதுச் சரக்கிலேயே கிடைக்கும். கிதார்க்காரர்கள் இதை ‘ரெலிக்’ என்கிறார்கள். புது வண்டி வாங்கி வருடக்கணக்கில் ஆகியும் இருக்கையின் பாலித்தீன் உறையைக் கிழிக்க மனம் வராத நம் ஊரில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் புதியதைப் பழையதாக்கும் வேலையில் தமிழ்நாடு கற்றுக்குட்டி அல்ல. கிதார் உலகம் இனிமேல்தான் சந்திக்கப்போகும் சிக்கல்களை நாம் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டோம். அதற்கு வருமுன் கிதாரைப் பார்த்துவிடலாம்.

கட்டை உடம்பு எலெக்ட்ரிக் கிதாரைத் தொழிற்சாலைச் சரக்காக முதலில் ஓடவிட்டது ஃபெண்டர் நிறுவனம், 1950இல். 1952இல் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வந்தது. 1954இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அந்தப் பத்தாண்டுச் சரக்கை வைத்து வாசித்தவர்கள் பிறகு உலகப் புகழ் பெற்றார்கள், கிதார்களின் விலையும் அவர்களோடு ஏறியது. மேடையேறும் இசைக்கலைஞர்களே தங்கள் பழைய கிதாரை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு நகல் ஒன்றை எடுத்துப் போகும் நிலை வந்தது. 1987இல் ஃபெண்டர் தொடங்கிய கஸ்டம் ஷாப் என்ற தனிப் பட்டறை அந்த நகல்களைச் செய்து கொடுத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு அப்படிப் பளபளவென்று ஒன்று போனதாகவும், கொஞ்சம் அடித்து நசுக்கிக் கொடுங்கள், அப்போதுதான் வாசிப்பேன் என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் தொழிலில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1995 ஜனவரியில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் கஸ்டம் ஷாப் இரண்டு கிதார்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது. பார்த்தவர்கள் 1950களின் அசல் என்று நினைத்து நகர்ந்தார்கள். இரண்டும் புதியவை. வின்ஸ் குனெட்டோ என்பவர் பழசாக்கிக் கொடுத்தவை. ஆர்டர் குவிந்தது. அடுத்த சில ஆண்டுகள் கலிபோர்னியாவிலிருந்து உடம்பும் கழுத்தும் மிசௌரி மாநிலத்திலிருந்த அவருடைய பட்டறைக்குப் போய், வயதாகித் திரும்பி வந்தன.

பிறகு இது தரவரிசையாகவே ஆகிவிட்டது. பெட்டி பிரிக்காமல் கிடந்தது போன்ற புதுசு, வீட்டு அலமாரியில் தூங்கியது போன்ற லேசான மங்கல், நன்றாக வாசித்துத் தேய்ந்தது, அடிபட்டு உருக்குலைந்தது என்று வேண்டிய வயதைச் சொல்லி வாங்கலாம். 2009இல் ‘ரோட் வோர்ன்’ என்ற பெயரில் மெக்சிகோத் தொழிற்சாலையில் செய்த மலிவான வரிசையும் வந்தது. கிப்சன் தன் பங்குக்கு, இந்த வேலையில் பேர்போன டாம் மர்ஃபியின் பெயரிலேயே ஓர் ஆய்வகம் திறந்தது. உச்சம் எதுவென்றால் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’. 2004 ஏலத்தில் அசல் 9,59,500 டாலருக்குப் போனது. 2006இல் ஃபெண்டர் அதே கிதாரை, தலைப்பகுதியில் இருந்த சிகரெட் தழும்பு உட்பட, 275 முறை நகலெடுத்து ஒன்று 24,000 டாலர் என்று விற்றது. ஒரே மனிதர் ஒரே கிதாரில் சுட்டுக்கொண்ட தழும்பு 275 கிதார்களில் ஒரே இடத்தில் இருக்கிறது.

இந்த வேலையின் அடிப்படை, மேல்பூச்சின் வேதியியல். 1920களில் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான் 1950களின் கிதார்களிலும் அடித்தது. ஃபெண்டரின் பழைய வண்ணங்கள் பல நேராகக் கார் வண்ணப் பட்டியலிலிருந்து வந்தவை. இந்த லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் காய்கிறது. காய்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. நெகிழ்வு தருவதற்காகச் சேர்த்த பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேற, படலம் மொறுமொறுப்பாகிறது. வெயிலில் மஞ்சள் ஏறுகிறது. வெள்ளைக் கிதார் வெண்ணெய் நிறமாவதும் நீலக் கிதார் பச்சை காட்டுவதும் அதனால்தான். குளிரில் கிடந்த கிதாரைத் திடீரென்று சூடான அறைக்குள் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால் மரம் ஓர் அளவிலும் லாக்கர் வேறொரு அளவிலும் விரிய, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. விருத்தாசலத்துச் சூளையில் நடப்பதும் இதுவும் ஒரே இயற்பியல். அங்கே ஆயிரம் டிகிரிக்கு மேலே, இங்கே பனிக்காலத்து வெளி வராந்தாவில்.

இதைச் செயற்கையாகச் செய்ய, அடித்து ஆறிய லாக்கர் உடம்பைச் சற்றே சூடாக்கிவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுக்கிறார்கள். கணினித் தூசு ஊதும் வாயுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அடித்தாலும் வாயு திரவமாகவே பீய்ச்சி, பட்ட இடம் உறைந்து கோடு விழும். சிலர் கூரிய பிளேடால் கோடு கிழித்துப் பழுப்புச் சாயம் தேய்க்கிறார்கள். தேர்ந்த கண்ணுக்கு அது உடனே தெரியும், ஏனென்றால் மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத கோடு அது. 1960களின் இறுதியில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. இன்று மலிவாகக் கிடைக்கும் கிதார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோதான். அவை வேதியியல் கட்டுக்குள் இறுகிப்போனவை. மஞ்சளாகாது, எளிதில் கோடு விழாது, அடிபட்டால் சில்லுச் சில்லாகத்தான் பெயரும். அந்தப் பூச்சின் மேல் பழமையை ஏற்றுவது வீண் முயற்சி.

பூச்சுக்கு அடுத்தது உடம்பு. இங்கேதான் நல்ல கைக்கும் மோசமான கைக்கும் வித்தியாசம். கிதாரின் தேய்மானம் கண்ட இடத்தில் வருவதில்லை. வலது முன்கை வந்து படியும் மேல் விளிம்பில் முதலில் வண்ணம் போகும். முதுகின் நடுவில் பெல்ட் கொக்கி சுரண்டும். விரல் பலகையில் முதல் சில கட்டுகளில், அதுவும் மெல்லிய தந்திகளின் அடியில், பள்ளம் விழும். உச்சஸ்தாயிக் கட்டுகளில் அவ்வளவு விழாது. கழுத்தின் பின்புறம் பெருவிரல் ஓடும் பாதை மட்டும் மழமழப்பாகி அழுக்கேறும். தலைப்பகுதியின் நுனி, வாசிக்காத நேரத்தில் சுவரிலும் ஆம்ப்ளிபயரிலும் இடித்து நசுங்கும். தெரிந்தவர் பழைய கிதார்களின் ஒளிப்படங்களை மாதக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொடுவார். தெரியாதவர் சாவிக்கொத்தை வீசி அடிப்பார். கடைகளில் ‘ஹெவி ரெலிக்’ என்று விற்கும் பலவற்றில் எந்த மனிதனின் கையும் போகாத இடத்தில் மரம் வெளுத்திருக்கிறது. நான்கு கை உள்ளவர் இருபது வருடம் வாசித்தால்தான் அப்படி ஆகும்.

உலோகப் பாகங்களுக்கு வேறு சமையல். நிக்கல் பூசிய பிரிட்ஜையும் திருகுகளையும் மூடிய பெட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியில் சில மணி நேரம் வைத்தால் பளபளப்பு செத்துவிடும். மின்னணுப் பலகை அரிக்கப் பயன்படும் பெர்ரிக் குளோரைடைத் தொட்டுத் தடவுவது, உப்பும் வினிகரும் கலந்து நனைத்துவைப்பது எல்லாம் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் பாகங்களுக்கு டீ டிகாக்‌ஷன், காப்பி, ஷூ பாலிஷ். இதில் விளையாட்டில்லாத பகுதியும் இருக்கிறது. நைட்ரோ லாக்கர் சுலபமாகத் தீப்பற்றும். அமில ஆவி கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். தேய்க்கும் தூசு சுவாசத்தில் போகும். பழசு போலத் தெரியவேண்டும் என்ற ஆசைக்குத் தொழிலாளிகள் கொடுத்த விலைக்குத் துருக்கியின் ஜீன்ஸ் பட்டறைகள் சாட்சி. முழங்காலில் வெளுப்பு வர மணலைப் பீய்ச்சி அடித்த இளைஞர்கள் சிலிக்கோசிஸ் வந்து இறந்தார்கள்; 2009இல் அங்கே அந்த முறைக்குத் தடை வந்தது. குவார்ட்ஸ் தூள் அரைக்கும் பீங்கான் தொழில் எங்கே இருந்தாலும் அந்த நோயின் பெயர் அங்கே புதிதல்ல.

சரி, சத்தம் மாறுமா? மெல்லிய நைட்ரோ பூச்சு மரத்தை மூச்சுவிட வைக்கிறது, அதனால் நாதம் திறக்கிறது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். உடம்பே ஒலிப்பெட்டியாக இருக்கும் அக்குஸ்டிக் கிதாரில் பூச்சின் கனம் பற்றிப் பேச இடமுண்டு. எலெக்ட்ரிக் கிதாரில் எஃகுத் தந்தி அதிர்வதைக் காந்தச் சுருள்தான் பிடிக்கிறது. மேல்தோலின் வயது ஆம்ப்ளிபயர் வழியாகக் காதுக்கு வந்துசேர்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் கைக்கு வந்துசேர்கிறது. விரல் பலகையின் கூர் விளிம்பை உருட்டி, கழுத்தின் பிசுபிசுப்பான பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்ட கிதார், முதல் நாளே பழகிய கருவியாக உட்காரும். ரெலிக் வேலையில் எனக்கு முழு மரியாதை உள்ள பகுதி இந்தக் கழுத்து வேலை மட்டும்தான். அது கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

இந்த ஆசை அமெரிக்கக் கிதாரோடு பிறந்ததல்ல. பாரிஸில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ழான் பத்தீஸ்த் வியோம் ஸ்ட்ராடிவாரி வயலின்களை, வார்னிஷ் தேய்ந்த இடம் தப்பாமல் நகலெடுத்தார். உள்ளே தன் கையெழுத்தையும் எண்ணையும் வைத்தார். அவர் கையில் இருந்த அசல் ஒன்று, 1716ஆம் ஆண்டின் ‘மெசையா’, இன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. யாரும் அதிகம் வாசிக்காததால் நேற்றுச் செய்தது போல இருக்கிறது. அந்த ஒரே காரணத்துக்காக, இது வியோமின் நகலாக இருக்குமோ என்று அதன்மீதே சந்தேகம் எழுந்து, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் வரை போனது. தேய்மானம் இருந்தால்தான் நம்புவோம் என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்னால் சீனத்தில், சோங் அரச காலத்துக் குயவர்கள் பூச்சு வெடிப்பதையே அழகாக்கி, அந்த வெடிப்புகளில் கறுப்புச் சாயம் ஏற்றினார்கள். ‘கே’ வகைப் பீங்கான் என்று அதற்குப் பெயர். பின்னால் வந்தவர்கள் அதையே நகலெடுத்து, கஷாயம் ஏற்றிப் பழசு என்றார்கள். நம் விருத்தாசலத்தில் கழிவாகும் கோடு அங்கே அரண்மனைச் சரக்கு.

தமிழ் வீட்டுக்குப் பழசின் தோற்றம் எப்போதும் பிடித்ததில்லை. பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு ஏறினால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. கோயிலிலும் அப்படியே. பூஜையில் இருக்கும் உற்சவ மூர்த்தியின் வெண்கலம் பச்சையாவதில்லை. அபிஷேகமும் துடைப்பும் அதை விடுவதில்லை. மாறாக, பல தலைமுறை கைபட்டு மூக்கும் கண்ணும் மழுங்கி, ஆபரணத்தின் நுணுக்கம் கரைந்துபோகும். தேய்ந்த இடங்களைத் திரும்பச் செதுக்கிய மூர்த்திகளும் உண்டு. பச்சைக் களிம்பு ஏறிய சோழ வெண்கலம் என்றால் அது மண்ணுக்குள் இருந்தது என்று அர்த்தம். படையெடுப்புக்குப் பயந்தோ வேறு காரணத்தாலோ புதைத்து, பின்னால் வந்தவர்கள் மறந்து, ஏர் முனையிலோ கடப்பாரை முனையிலோ வெளிவந்தது. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் அப்படி 1950களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து வந்தவர்.

ஆக, தேய்மானம் என்பது பொருளின் வாழ்க்கைக் குறிப்பு. மழுங்கிய முகம் ஒன்று, என்னைக் கும்பிட்டார்கள் என்கிறது. பச்சைக் களிம்பு, என்னைப் புதைத்தார்கள் என்கிறது. கிதாரின் முதுகில் உள்ள கொக்கித் தழும்பு, என்னை இடுப்பில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் வாசித்தார்கள் என்கிறது. ரெலிக் பட்டறை விற்பது வண்ணம் உதிர்ந்த மரத்தை அல்ல, நடக்காத ஒரு வாழ்க்கையின் குறிப்பை. அது பொய் என்று முகம் சுளிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வாங்குபவருக்கு அது நடக்காத வாழ்க்கை என்று தெரிந்திருக்கும்வரை அது வேஷம். வேஷம் கட்டுவது கலைதான். கோடம்பாக்கத்தில் தாளையும் துணியையும் டீ டிகாக்‌ஷனில் முக்கிப் பழசாக்கும் கலை உதவியாளரை யாரும் மோசடிக்காரர் என்பதில்லை. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை ஸ்டுடியோவில் போட்ட தாராவி, தேசிய விருதே வாங்கியது. படம் பார்ப்பவருக்கும் எடுப்பவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் அறுந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத்தான் காவிரிக் கரைக்குப் போகவேண்டும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில் செய்யும் மூர்த்திகளுக்கு இன்று இரண்டு சந்தை. கோயிலுக்கும் பூஜையறைக்கும் போவது பொன் மினுக்கோடு போகும். வரவேற்பறைக்கும் வெளிநாட்டுக்கும் போவதில் கணிசமானது ‘ஆன்டிக் பினிஷ்’. கந்தகச் சேர்மத்தைத் தடவினால் வெண்கலம் கறுக்கும். செம்பு உப்பும் நவச்சாரமும் வினிகரும் கலந்து பூசி ஈரத்தில் வைத்தால் பச்சை பூக்கும். உயர்ந்த பாகங்களைத் துணியால் தேய்த்து மினுக்கி, பள்ளங்களில் கருமையை விட்டுவிடுவார்கள். வாங்குபவருக்கும் இது புதுசு என்று தெரியும், விற்பவரும் மறைப்பதில்லை. இதில் குற்றம் எதுவுமில்லை. ஒரே ஒரு விசித்திரம்தான்: பச்சைப் பூச்சு கேட்டு வாங்குகிறவர், புதைந்து கிடந்த சாமியின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குகிறார். வழிபட்ட சாமியின் தேய்ந்த முகத்தைக் கேட்டு வாங்குபவர் அரிது.

குற்றம் வேறு இடத்தில் நடந்தது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலங்களில் ஒரு நடராஜர் இருந்தார். பழுதுபார்க்க 1954இல் ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அதையே கும்பிட்டது. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது போலி, அசல் தனியார் கையில் இருக்கிறது என்று எழுதியபோதுதான் விஷயம் வெளிவந்தது. அசல் கைமாறிப் போய் 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் 9 லட்சம் டாலருக்குச் சேர்ந்தது. வழக்கும் சமரசமும் முடிந்து 1986இல் இந்தியாவுக்குத் திரும்பியது. நகல் செய்தவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தால், குனெட்டோவின் கண்ணாடிப் பெட்டிக் கிதார்கள் சின்ன விளையாட்டாகத் தெரிகின்றன.

அழுக்கே சாட்சி சொன்ன வழக்கும் நம்முடையது. 1976இல் பத்தூரில் கூலியாள் ஒருவரின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராஜர் லண்டன் வரை போய்ச் சேர்ந்தார். அவர் பத்தூர்க்காரர்தான் என்று நிரூபிக்க, அவர்மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்ற வெண்கலங்களோடு ஒப்பிட்டார்கள். 1988இலும் மேல்முறையீட்டில் 1991இலும் ஆங்கில நீதிமன்றங்கள் கோயில் பக்கமே தீர்ப்புச் சொன்னன. பட்டறையில் பூசிய களிம்பு மேலோடு நிற்கும். நூற்றாண்டுக் களிம்பு உலோகத்தின் மணிகளுக்கிடையே ஊடுருவி உள்ளே போயிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் வேறு. கிதார் வியாபாரிகள் புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பதும் இதே நம்பிக்கையில்தான். பழைய நைட்ரோ அந்த ஒளியில் மஞ்சளும் பச்சையுமாக மங்கி ஒளிரும்; புதிதாக அடித்துத் தேய்த்தது வேறு நிறம் காட்டிக் கொடுக்கும்.

இனி விருத்தாசலத்துக்கே வரலாம். விருத்தகிரீஸ்வரர் கோயில் கோஷ்டத்தில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நின்றார். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் அந்தக் கலைக்கூடம் 2004இல் வாங்கியது. கோயிலில் அவருடைய இடத்தில் வேறொரு சிலை நின்றுகொண்டிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்திருந்த ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, இது அதேதான் என்று ஆர்வலர்கள் 2013இல் காட்டினார்கள். கல்லின் சிறு மூளிகளும் அடிபட்ட தடங்களும் கைரேகையாக உதவுவது இப்படிப்பட்ட ஒப்பீட்டில்தான். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அர்த்தநாரியையும், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் டெல்லியில் ஒப்படைத்தார். 2016இல் இதே விருத்தாசலம் கோயிலின் பிரத்தியங்கிராவும் கான்பெராவிலிருந்து திரும்பினாள்.

இந்தக் கடத்தலின் உத்தியைக் கவனிக்கவேண்டும். ரெலிக் பட்டறை புதியதைப் பழசு என்று காட்டுகிறது. சிலைக் கடத்தல்காரர்கள் பழையதைப் புதுசு என்று காட்டினார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருள் நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஆனால் பட்டறையில் செய்த புதுச் சிலை போகலாம். இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால் போதும். சோழர் காலத்து மூர்த்தி கைவினைப் பொருள்களின் நடுவே கைவினைப் பொருளாகக் கப்பலேறியது. ஆன்டிக் பினிஷ் என்ற ஒரு நேர்மையான சந்தை இருப்பதால்தான் இந்தப் பொய் சுங்கத்தில் எடுபட்டது. களிம்பு பார்த்துச் சந்தேகப்படும் அதிகாரியிடம், இது பூசிய களிம்பு என்றுவிடலாம். பழசாக்கும் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைப் பேசிக் கேட்டதில்லை: நகல் நன்றாக இருந்தால் அசல் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

எனவே முத்திரைதான் முக்கியம் என்று தோன்றுகிறது. கஸ்டம் ஷாப் தன் கிதாரின் தலைப்பகுதிப் பின்னால் முத்திரை வைக்கிறது, சான்றிதழும் தருகிறது. நல்ல காரியம். ஆனால் மரத்தின் மேலுள்ள முத்திரையை அழிக்க உப்புத்தாள் போதும். தழும்பு செய்த அதே தாள். கழுத்து வந்து பொருந்தும் குழியிலும் பிக்கார்டின் அடியிலும் ஆண்டையும் பெயரையும் மரத்துக்குள் ஆழச் சுட்டுவைப்பதும், சுவாமிமலை மூர்த்தியானால் பீடத்தின் அடியில் வார்ப்பிலேயே ஆண்டை எழுத்தாக ஏற்றுவதும் கொஞ்சம் பலன் தரும். வியோம் தன் வயலினுக்குள் செய்ததும் அதுவே. அதைச் செய்ய மறுக்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் இதன் சின்ன வடிவத்தைப் பார்க்கலாம். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணும் நிலைவாசலும் அசல். பக்கத்திலேயே புது மரத்தைக் கருக்கி, கம்பிப் பிரஷால் தேய்த்து ரேகையைத் தூக்கி, பாலிஷ் ஏற்றிய நாற்காலியும் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வீணைக்காரர்கள் இந்தத் தொல்லைக்குள் வரவே இல்லை என்பது எனக்குச் சந்தோஷம். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், மெழுகு இளகிச் சுருதி விலகும். ஆசாரியிடம் கொடுத்தால் மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மெட்டுக் கட்டித் தருவார். நன்றாகக் காய்ந்த பழைய பலாமரத்துக்கு மதிப்பு உண்டு. தேய்ந்த தோற்றத்துக்குத் தனி விலை கிடையாது. கருவியின் வயதை அதன் குடத்துக்குள் தேடுகிறோம், தோலில் அல்ல.

உண்மையான தழும்புக்கு என்ன விலை என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அயர்லாந்தின் ரோரி காலஹரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருக்கிறது. 1963இல் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்கு வாங்கியது. அவருடைய வியர்வையில் அமிலம் அதிகம் என்பார்கள். ஒரு முறை திருடுபோய் மழையில் பள்ளத்தில் கிடந்து மீண்டது என்றும் சொல்வார்கள். பெரும்பகுதி வண்ணம் போய் வெறும் மரம்தான் மிச்சம். 2024இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்குப் போய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதன் நகல்களையும் ஃபெண்டர் விற்கிறது, வியர்வை ஒழுங்காகத் தேய்த்த இடங்களோடு.

மங்கலம்பேட்டையிலோ விருத்தாசலத்திலோ பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்து முதல் எலெக்ட்ரிக் கிதார் வாங்கியிருக்கும் பையன் யூடியூப் பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்தால் அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் உண்டு. அந்தக் கிதாரில் இருப்பது பாலியெஸ்டர். உறைபகுதியில் வைத்தால் கோடு விழாது, பிக்கப்பிலும் ஒயரிலும் ஈரம் சேரும். தேய்த்தால் அழகான பழைய மரம் வெளிவராது, வெள்ளை பில்லரும் ஒட்டுப் போட்ட மரமும்தான் வெளிவரும். அமிலம் வாங்கும் காசுக்குத் தந்தி இரண்டு செட் வாங்கலாம். விரல் பலகையின் விளிம்பை மட்டும், தந்தியைக் கழற்றிவிட்டு, மிக நயமான தாளால் லேசாக உருட்டிக்கொள்ளட்டும். கைக்கு இதமாக இருக்கும். பிரிட்ஜும் திருகும் பழசாகத் தெரியவேண்டுமானால் கடலூர் மாவட்டத்துக் கத்தரி வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் மின்விசிறி இல்லாமல் வாசித்துவிட்டு, துடைக்காமல் வைத்தால் போதும். அடுத்த மழைக்குள் துரு வந்துவிடும்.